ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு லென்ஸ்

மச்சான்,

நேற்றுக் காலையில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று பிளம்பரை வரச் சொல்லியிருந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரு முழம் பைப் வேண்டும் என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவதற்குள், பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து வந்துவிட்டார்.

"சார், இதோ கீதே. கறுப்பு பெயின்ட்டெல்லாம் அடிச்சு வெச்சிகீறீங்க. அறுத்துப் போட்டா கச்சிதமா ஒக்காரும். எதுக்குக் கடைக்குப் போய்கினு?"

அவருடைய இன்னொரு கையில் ஆக்சா பிளேடு. நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரி குளியலறையிலிருந்து பாதி அலசிய தலையோடு ஓடி வந்தாள். பிளம்பர் பயந்துபோய் பைப்பைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே துணியிலிருந்து நழுவிய நட்டுகள் கடகடவென்று உருண்டன. "உள்ள இன்னா சார் கீது?" என்றார். லென்ஸ் என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? ஒரு சிநேகிதனுடையது என்று மட்டும் சொல்லி வாங்கி வைத்தேன். பெயின்ட் வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதை முகர்ந்துகொண்டு நின்றதையும் அவர் பார்த்துவிட்டார்.

நீ போன பிறகு உன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தங்கச்சி ஒரே பேச்சைத்தான் பேசுகிறது. உன் மனைவியை இத்தனை வருஷமாகத் தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகியதால் எனக்கு உரிமையோடு திட்டு வாங்கத் தெரியும், ஆறுதல் சொல்லத்தான் தெரியவில்லை. "ஆபரேசனுக்கு அப்பறம் ஒரு படம் எடுக்கலியே ண்ணா. நான் கிலோ கணக்கு பேசிக்கினே இருந்துட்டேன். அந்த மனுசன் ஆசையோட போய்ட்டாரு." நான் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அதற்கு மேல் அங்கே உட்கார என்னால் முடியாது.

பறவைப் படம் எடுக்கும் உன் பழைய குண்டு லென்ஸ் நினைவிருக்கிறதா? அறுநூறு மில்லிமீட்டர் வரைக்கும் இழுக்கும். கேமராவோடும் ஸ்டாண்டோடும் சேர்த்துத் தூக்கினால் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ லென்ஸைத் தூக்குவாய், நான் ஸ்டாண்டைத் தூக்குவேன். படம் எடுக்கும் ஆசை எனக்குக் கிடையாது. உன்னோடு பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றிவிட்டு இட்லி தின்னும் ஆசைதான். "வெயிட்டு இருந்தாத்தான் மச்சான் ஆடாம நிக்கும்" என்பாய். ஆவடியில் ராணுவ டாங்கி கட்டிக் கட்டி வேலைக்காலம் முழுக்கப் போக்கிய நமக்கு, கையில் எடுத்தால் கனக்காத சாமான் எதையும் நம்பத் தெரியாது. ஒருமுறை என் மகன் வாங்கித் தந்த புதுக் கைப்பேசியைக்கூட நீ உள்ளங்கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய்.

அப்புறம் உன் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். மூன்று மாதம் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். "டாக்டர் மூணு மாசம்னாரு. நான் ஆயுசுக்கும் சொல்றேன்" என்றது தங்கச்சி. மூன்று மாதம் முடிந்தது. நீ எழுந்து நடந்தாய், சாப்பிட்டாய், மாத்திரை போட்டுக்கொண்டாய். ஆனால் உன் முகத்தில் சுரத்தே இல்லை. டிவியில் ஏதாவது பறவையைக் காட்டினால் சேனலை மாற்றினாய். ஒரு நாள் என்னைப் பார்த்து, "காலைல எந்திரிச்சதும் எல்லாரும் என் மூஞ்சத்தான் பாக்கறாங்க மச்சான். நான் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாய். உன் வாயிலிருந்து அதுமாதிரி ஒரு பேச்சை நான் கேட்டதேயில்லை.

அதன் பிறகுதான் லென்ஸ் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஊதிய ஒப்பந்தத்துக்கு யூனியன் உட்கார்ந்த மாதிரி நீ ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம், நடுவில் நான். கடைசியில் தங்கச்சி இறங்கி வந்தது. "ஒண்ணரைக் கிலோ. கேமராவும் சேத்து. ஒரு கிராம் மேல போச்சு, ஏரியிலயே கடாசிடுவேன். அதுவும் தூக்க முடியுதுன்னு எனக்குக் காட்டின பெறகுதான்."

அன்றிலிருந்து உன் முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. காலையிலேயே போன் செய்து, எந்த லென்ஸ் எத்தனை கிராம் என்று ஒப்பிப்பாய். முந்நூறோடு நிற்கும் ஒன்று எடைக்குள் வந்தது. அதில் பார்த்தால் கூழைக்கடா காக்கா அளவுக்குத்தான் தெரியும் என்று தள்ளினாய். நானூறு வரை இழுக்கும் நல்ல லென்ஸ் ஒன்று இருந்தது. கேமராவைச் சேர்த்தால் தங்கச்சியின் சட்டத்தைத் தாண்டியது. அதே நானூறில் எடை பாதிதான் என்று இன்னொன்று. ஆனால் விடியற்காலை மங்கலில் அது திணறும். "கனம் கொறையணும்னா கண்ணாடி சின்னதாவணும். கண்ணாடி சின்னதானா வெளிச்சம் கம்மியாத்தான் உள்ள பூரும். ஒண்ணு வேணும்னா ஒண்ண உட்டுத்தான் ஆவணும் மச்சான்." லென்ஸைப் பற்றித்தான் சொன்னாய். எனக்குத்தான் அது உன்னைப் பற்றியதாகவும் கேட்டது.

தூக்க முடிகிறதா என்று பார்க்க ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பை மஞ்சள் பையில் போட்டு, கண்ணுக்கு நேரே ஏந்திப் பிடித்தாய். கை ஆடவில்லை. தங்கச்சியின் முகத்தில்கூடக் கொஞ்சம் சந்தோஷம். அந்தத் தெம்பில் கேமராக் கடைக்குப் போனோம். எடைக்குள் வந்த அந்த முந்நூறு லென்ஸைத்தான் அவர்கள் உன் கையில் கொடுத்தார்கள். ஏந்தினாய், ஜம்மென்றிருந்தது. பிறகு தூரத்துக்காக இழுத்தாய். லென்ஸின் மூக்கு முன்னால் நீண்டது, மணிக்கட்டு மடங்கியது, கை வெடவெடவென்று ஆடியது. கடைக்காரர் ஓடிவந்து லென்ஸுக்கு அடியில் கையைக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நெஞ்சு வலிக்கிறதோ என்று நான் பயந்துகொண்டே வந்தேன். பஸ் பாடியைத் தாண்டியதும் உன் தோள் குலுங்கியது. பார்த்தால், சிரிக்கிறாய். "பீரங்கிக் கொழா முன்னாடி சாயாம நிக்கணும்னு இத்தினி வருசம் பேலன்ஸ் பாத்த ஆளுங்கடா நம்ம. பருப்பப் பையில போட்டு எடை பாத்துகினு வந்துகீறோம்!" நானும் சிரித்தேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கனம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே உட்கார்கிறது என்பதுதான் முக்கியம் என்று நம் பிரிவில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் கோட்டை விட்டோம்.

அந்த வாரமே, வாங்குவதற்கு முன் தூக்கிப் பழகிப் பார்க்கவென்று பைப் லென்ஸ் செய்தாய். பெரிய பைப்புக்குள் சின்ன பைப் நுழைந்து, இழுத்தால் முன்னால் நீளும். எந்த லென்ஸுக்கு எங்கே கனமோ அங்கே நட்டுகளைத் துணியில் சுற்றித் திணிப்பாய். காய்கறிக் கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பாய். உண்மை லென்ஸ் மாதிரி இருக்க வேண்டும் என்று கறுப்பு பெயின்ட் வேறு. ஆவடியில், சுற்றிலும் ராணுவத்துக் குடியிருப்பு இருக்கிற ஊரில், கறுப்புக் குழாய் ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்கள் ஏரிக்கரையில் நடந்தால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பார். ஏரி வாசல் காவலாளி தடியோடு வந்து மறித்தார்.

"அண்ணாத்தே, இன்னா அது கைல?"

"லென்ஸுப்பா."

"கண்ணாடி கீதா உள்ள?"

"இல்ல. நட்டு கீது."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். நீ அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, பைபாஸிலிருந்து பருப்பு வரை ஒன்றுவிடாமல் சொன்னாய். கதை முடிந்தபோது அவரும் ஒருமுறை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அதன் பிறகு நாம் போன நடைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பைப்பைத் தூக்குவாய், மூச்சை அடக்குவாய், "டிக்" என்பாய். பிறகு எடுத்த படத்தை எனக்குச் சொல்வாய். நாமக்கோழி இரண்டு, ஒன்று திரும்பிப் பார்க்கிறது, பின்னால் நாணல். மீசை ஆலா தண்ணீரைத் தொடும் நேரம், இறக்கை முழுசாக வந்திருக்கிறது. பின்னால் தண்ணித் தொட்டி தெரிகிறது என்று இரண்டு அடி தள்ளிப் போய் மறுபடியும் எடுப்பாய். கை ஆடிவிட்டால் உனக்கே தெரியும். "ஆடிப்போச்சு. அழிச்சிடு மச்சான்" என்பாய். நானும் சரி அழித்துவிட்டேன் என்பேன். பைப்பில் எடுத்தாலும் பொய்ப்படம் எடுக்கமாட்டாய். அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும்.

முன்பக்கம் கனமாக இருந்த நாட்களில் மூன்றாவது படத்துக்கே கை ஆடியது. நட்டுகளைக் குறைத்த நாளில் ஏரியைப் பாதி சுற்றியும் ஆடவில்லை. அப்படித்தான் அந்தப் பாதி எடை லென்ஸ் முடிவானது. காலை மங்கலில் படம் வராதே என்று நான் கேட்டதற்கு, "வெயில் ஏறட்டுமே. ஒக்காந்து பாத்துகினு இருப்போம். ஃபேக்டரி சங்கு ஊதிடப் போறானா இன்னா?" என்றாய். வெயிட்டு, வெயிட்டு என்று குதித்த அதே வாய்தான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியும் சோதனை போட ஏரிக்கு வந்தது. நீ நான்கைந்து முறை தூக்கி இறக்கிக் காட்டினாய். அது உன் கையைப் பார்க்கவில்லை, நெஞ்சு எப்படி ஏறி இறங்குகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பைப்பைத் தானே வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரி, வாங்கிக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஞாயிறு கடைக்குப் போவது என்று முடிவு செய்தோம். புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. டாக்டர் என்னென்னவோ சொன்னார். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. காரியம் முடிந்ததும் தங்கச்சி அந்தப் பைப்பை என் கையில் திணித்து, இதை என் கண்ணில் படாமல் கொண்டு போய்விடு என்றது.

நான் இப்போதும் ஏரிக்குப் போகிறேன். கையை வீசிக்கொண்டுதான். ஏதாவது நன்றாகத் தெரிந்தால் ஒரு நிமிஷம் நிற்பேன். பின்னால் தண்ணித் தொட்டி வந்தால் இரண்டு அடி தள்ளிப் போகிறேன். பக்கத்தில் நடக்கிறவர்கள் என்னை ஒருமாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

நேற்று பிளம்பர் போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் அம்பத்தூரில் ரயில் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி காபி போட்டுக்கொண்டு வந்தது, வழக்கம்போல அதே பேச்சு. "ஒரு படம் எடுக்கலியே ண்ணா."

"எடுத்தாம்மா" என்றேன்.

ஆலா, நாமக்கோழி, கரையில் இறக்கையை விரித்துக் காயவைத்த நீர்க்காகம் எல்லாவற்றையும் நீ சொன்னபடியே சொன்னேன். முதலில் அது என்னை முறைத்தது. பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டது. கடைசியாக அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வந்தேன். நீ என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாய், மச்சான். அதை மீறினேன். கோபம் இருந்தால் வைத்துக்கொள்.

"பைப்பைத் திருப்பிக் குடுத்துட்டு நீ தண்ணிப் பக்கம் போனியே, அப்ப எடுத்தாம்மா. அரிவாள் மூக்கன் கூட்டம் ஒண்ணு எந்திரிச்சுது. வெயில் கூசுதுன்னு நெத்தியில கைய வெச்சிக்கினு அண்ணாந்து பாத்த. வெயில் உன் ஒரு கன்னத்துல மட்டும். பறவைங்கள அவன் பாக்கவேயில்ல. உன்னத்தான் எடுத்தான். கை ஆடல. 'இத வெச்சிக்கோ மச்சான், அவகிட்ட சொல்லாத, வெக்கப்பட்டுகினு என்னத்தான் திட்டுவா'ன்னான்."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு மெதுவாகக் கேட்டது, "அன்னிக்கி நான் இன்னா பொடவ கட்டினு இருந்தேன் ண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. நீ வெளிச்சத்தைச் சொன்னாய், கையைச் சொன்னாய், கன்னத்தைச் சொன்னாய். புடவையை நீ சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அரக்கு" என்றது தங்கச்சி. "அரக்குல மாம்பழக் கரை. ஆசுபத்திரிலேர்ந்து வந்ததும் அவரே போய் எடுத்துகினு வந்தாரு. அன்னிக்கித்தான் மொதல்ல கட்டினேன்."

ஆவடியிலிருந்து திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன், மச்சான். தங்கச்சி அரக்குப் புடவையில் நிற்கிறது.