கதவிடுக்கில் ஒரு செருப்பு

மார்ச் 4

இன்றும் அதே கேள்வி. "அழுகை எங்கப்பா?" எடிட்டிங் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இயக்குநர் கேட்டார், எங்கேயோ வைத்து மறந்த சாவியைக் கேட்பது போல.

மீன் குளிர்கிடங்கில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய ஆவணப்படம். நடுவில் ஒரு அக்கா. அவருடைய தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். போன வருடம் அவன் குளிர் அறைக்குள் இருக்கும்போது கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. கைப்பிடியை இன்னும் மாற்றவில்லை. அக்கா அதே அறைக்குள்தான் தினமும் போய் வருகிறார்.

பேட்டியில் அவர் அழவில்லை. மேலாளரைக் கிழி கிழியென்று கிழிக்கிறார். "கைப்பிடி எப்பய்யா வரும்னு கேட்டா, வரும் வரும்ங்கிறான். அது என்ன, பொண்ணு பார்க்கவா வருது, நல்ல நேரம் பார்க்க?" சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். இயக்குநருக்கு அது வேண்டாத பகுதி.

மார்ச் 5

கோபப்படுகிற ஏழை திரையில் எடுபடமாட்டாராம். அழுகிற ஏழைதான் எடுபடுவாராம். நல்ல கண்டுபிடிப்பு.

மார்ச் 9

அழுகை கிடைத்துவிட்டது. இயக்குநரே தேடி எடுத்தார். குளிர் அறைக் கதவு திறக்கிறது. வெண்புகைக்கு நடுவே அக்கா வெளியே வருகிறார். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்.

"தம்பி ஞாபகம் வருமா?" என்ற கேள்விக்குப் பின்னால் அதை ஒட்டச் சொன்னார். வேகத்தைக் குறைத்தேன். சத்தத்தை அணைத்து வயலினை ஏற்றினேன். ஓட்டிப் பார்த்தோம்.

நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதுதான் எரிச்சல். கேள்விக்குப் பின்னால் வைத்ததால் அந்தத் தண்ணீர் பதிலாகிவிட்டது. தொழில் தெரிந்த எனக்கே இந்தக் கதி என்றால் அரங்கில் இருட்டில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

மார்ச் 10

வயலின் இன்னும் கொஞ்சம் நீள வேண்டுமாம். காட்சி போதவில்லை. முழுக் காட்சியை எடுத்து முதலிலிருந்து ஓட்டினேன். ஒலியை அணைக்க மறந்திருந்தேன்.

அக்கா உள்ளே இருக்கிறார். கதவு லேசாகத் திறந்திருக்கிறது. உள்ளே வேலை செய்பவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கழற்றிய செருப்பில் ஒன்றைக் கதவிடுக்கில் செருகிவிட்டுத்தான் போவார்கள். கைப்பிடி இல்லாத கதவுக்கு அதுதான் கைப்பிடி. நீல ரப்பர் செருப்பு, அக்காவுடையது, சட்டகத்தின் ஓரத்தில் தெரிகிறது.

பிறகு இயக்குநரின் குரல். "அந்தச் செருப்பை எடுங்கப்பா. ஃபிரேம்ல அசிங்கமா இருக்கு."

ஒரு கை வந்து எடுக்கிறது. கதவு சாத்திக்கொள்கிறது.

"அக்கா, இப்ப வெளிய வாங்க!"

தட்டும் சத்தம். "மெதுவா வாங்க, அவசரமில்ல." தட்டும் சத்தம் இடியாகிறது. யாரோ ஓடிப்போய்த் திறக்கிறார்கள். அக்கா வருகிறார். கண்ணில் தண்ணீர். வாயில்:

"செருப்பை எவன்டா எடுத்தது?"

இதற்கா நான் வயலின் போட்டேன்?

மார்ச் 11

இயக்குநரிடம் கேட்டேன். கத்தினேன் என்றே எழுதலாம்.

"குளிர்ல கண்ணு கலங்குறது எல்லாருக்கும்தான்," என்றார். "உடனே திறந்துட்டோம்ல? படம் நல்லா வந்தா அவங்களுக்குத்தானே நல்லது?"

"அவங்க தம்பி செத்த கதவு சார் அது. அதுக்குள்ள வச்சு அடைச்சுட்டு, அந்தப் பயத்தை அழுகைனு காட்டுறீங்க."

"நீ வெட்டு ஒட்டு. நியாயம் பேச வேற ஆள் இருக்காங்க."

யார் அந்த வேற ஆள்? ஒரு கேமரா பொறுமையாக நின்றால் போதும், உண்மை தானாக நடந்து வந்து அதன் முன்னால் உட்காரும். அப்படி நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். வந்து உட்காரத்தான் செய்தது. இந்த ஆள் அதன் செருப்பைப் பிடுங்கிவிட்டார்.

மார்ச் 12

அக்காவுக்கு போன் செய்தேன். உண்மையைச் சொன்னேன்.

"நான் அழலப்பா. அன்னிக்கு உள்ள நின்னப்ப, இவனும் இப்படித்தானே தட்டியிருப்பான்னு நினைச்சேன். அந்தக் கதவை உடைச்சுப் போடணும்போல இருந்துச்சு. அதைப் போயி அழுகைங்கிறானா உங்க ஆளு?"

"வெட்டாம, சத்தத்தோட, உங்களுக்கு அனுப்பட்டுமா அக்கா? அனுப்பினா என் வேலை போயிடும்."

"போனா என்ன பண்ணுவ?"

"தெரியல."

"அப்ப யோசிச்சு அனுப்பு," என்றார். பிறகு, "ரொம்ப யோசிக்காத."

மார்ச் 13

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16

வேலை போய்விட்டது. திருடன் என்றார். சரி. அம்மா சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டே, "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியுதா உனக்கு?" என்றாள். நான் வாயையே திறக்கவில்லை அம்மா. ஒலியைத்தான் திறந்தேன்.

மார்ச் 21

கிடங்கில் எல்லாப் பெண்களும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார்களாம். தட்டும் சத்தத்தைக் கேட்டபின் யாரும் உள்ளே போகவில்லை. கைப்பிடி மாட்டும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா போனில் சிரித்தார்: "மீன் நாறினாத்தான் முதலாளிக்கு மூக்கு வேலை செய்யும்."

ஏப்ரல் 6

படம் திரையிடப்பட்டது. வயலினோடு. அரங்கமே கண்ணைத் துடைத்ததாம். விருதும் உண்டாம். துடைக்கட்டும்.

ஏப்ரல் 8

அக்கா தன் போனில் எடுத்து ஒன்று அனுப்பியிருக்கிறார். படம் ஆடுகிறது. மூலையில் விரல் மறைக்கிறது. முதலில் ஒரே மங்கல்; குளிர் அறைக்குள் இருக்கிறார், கதவு சாத்தியிருக்கிறது. இடுக்கில் செருப்பைத் தேடினேன். கையுறை போட்ட கை ஒரு புதுக் கைப்பிடியைப் பிடித்து அழுத்துகிறது. டக். வெளிச்சம். கேமரா வெளியே வந்து, தடுமாறி, கீழே குனிகிறது.

சுவரோரமாக நீலச் செருப்பு. இரண்டும், ஜோடியாக.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெட்ட ஒன்றுமில்லை.