ரிஸ்டன் பெயரில் ஒரு காதுவெட்டு

பிப்ரவரி 11
என் கணவன் நீல்லாஸ் பனிமான் மந்தையோடு காட்டுக்குப் போய் ஒன்பது நாள். வீட்டில் நானும் மகள் ரிஸ்டனும் மட்டும். ஏரியில் மீன்பிடி உரிமை பனிமான் மேய்க்கும் சாமி பழங்குடிகளான எங்கள் கிராமத்துக்கே என்று தீர்ப்பு வந்ததிலிருந்து, மழலையர் பள்ளி வாசலில் சாமி இனத்தைச் சேராத அம்மாக்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நான் என்ன செய்தேன்?

பிப்ரவரி 14
நீல்லாஸ் போன் செய்தான். தீர்ப்பு வந்த கோபத்தில் யாரோ சாலையோரம் எங்கள் மான்கள் இரண்டைச் சுட்டுப்போட்டிருக்கிறார்கள். காதுகளை அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். காதில் இருக்கும் வெட்டுதானே யாருடைய மான் என்று சொல்லும். போலீஸ்காரர் கேட்டாராம்: "காதே இல்லையே, உங்களுதுன்னு எப்படி எழுதுறது?"

பிப்ரவரி 15
ரிஸ்டனுக்கு முதல் பல் முளைத்தபோது மாமனார் ஒரு வெள்ளைப் பெண்மான் கொடுத்தார். அது போடும் குட்டிக்கு ரிஸ்டனின் சொந்த வெட்டு. அந்த வெட்டை அவள் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பம் போயிருக்கிறது. பதிவேட்டில் பெயர், முகவரி எல்லாம் வரும், யாரும் பார்க்கலாம். மூணு வயசுக் குழந்தை! எவனாவது வீட்டைத் தேடி வந்தா — நான் தனியா என்ன பண்ணுவேன்?
விண்ணப்பம் வேண்டாமென்று கடிதம் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 2
போனில் நீல்லாஸிடம் சொன்னேன். "சரி, உன் இஷ்டம்." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 9
இன்று ரிஸ்டனைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 4
குட்டிகளுக்குக் காது வெட்டும் நாள். என் பிறந்த வீடு கடற்கரை என்பதால் மைத்துனர் ஹேய்க்கா கேலியை விடுவதாயில்லை. "வாங்க மீன்காரி! மான் கடிக்காது, உள்ள வாங்க."
வெள்ளை மானின் குட்டியைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு, கத்தியோடு என்னை நிமிர்ந்து பார்த்தான் நீல்லாஸ். "என் வெட்டுதானே?"
எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.
ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வெட்டு விழுந்தால் ஆயுசுக்கும் அது ரிஸ்டனுடையது இல்லை. காதை அறுத்தவன் வேலையை நானே முடித்துக் கொடுக்கிறேனா?
"வெட்டாதே. விடு. பதிவானதும் ரிஸ்டனோட வெட்டைப் போடலாம்."
"அதுக்கு இலையுதிர் காலமாயிடும். அதுக்குள்ள தாயை விட்டுப் பிரிஞ்சா யாருதுன்னே தெரியாது."
"தெரியும். விடு."
கையை எடுத்தான். குட்டி தாயைத் தேடி ஓடியது.
"அடேயப்பா, மீன்காரி!" என்றார் ஹேய்க்கா. சிரிக்கவில்லை.

ஜூலை 5
புது விண்ணப்பம் எழுதினேன். முகவரிக் கட்டத்தில் கிராமத்தின் பெயரை எழுதினேன். வீட்டு எண்ணையும் எழுதினேன்.