மூன்றாவது விரல்

அன்புள்ளவளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. கடலூரில் பாஸ்கெட்பால் ஃபைனல். டீம் பஸ்ஸில் போய்க்கொண்டே எழுதுகிறேன், வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது.

போன வாரம் நான் கோர்ட்டில் விழுந்ததை யாராவது வந்து உன்னிடம் சொல்லியிருப்பார்கள். சும்மா ஒரு சிராய்ப்புதான்.

நேற்று செமிஃபைனலில் ஜெயித்தோம். பந்தைக் கொண்டு வருகிறவன் நான்தானே, பழகி வைத்த ஆட்டங்களில் எது என்று விரலைத் தூக்கிக் காட்டினால் மற்ற நாலு பேரும் அதன்படி ஓடுவார்கள். கடைசி நிமிஷத்தில் மூன்று காட்டினேன். எல்லோரும் இரண்டுக்கு ஓடினார்கள். பந்தும் கூடையில் விழுந்துவிட்டது. தங்கராசு என்னைக் கட்டிப்பிடித்து, "மூணுதான் வரும்னு அவனுங்க காத்துக்கினு இருந்தானுங்க, நீ ரெண்ட காட்டி ஏமாத்திட்டியேடா!" என்றான். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்றாவது விரலையும் தூக்கத்தான் செய்தேன்.

திங்கட்கிழமை எனக்கு மெடிக்கல். அதில் தேறினால்தான் வேலை பெர்மனன்ட் ஆகும், அப்புறம்தான் குவார்ட்டர்ஸ். டாக்டர் கையை விரித்து மடக்கச் சொல்வாராம்.

பஸ் குறிஞ்சிப்பாடி வழியாகத்தான் போகிறது. உன் அம்மா வீட்டருகே ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லலாம். வேண்டாம். நீ முதலில் கையைத்தான் பிடிப்பாய்.

பிள்ளை பிறந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து எழுது.

வடலூரில் டீ குடிக்க எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பஸ் அசையாமல் நிற்கிறது. எழுத்து மட்டும் இன்னும் நேராக வரவில்லை.

உன்
வீட்டுக்காரன்