கனுபாய் கேட்ட கண்ணாடி

மேப்பிள்டன், டென்னசி
14 நவம்பர் 1988

அன்பு மகள் ஊர்மிக்கு,

ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. லண்டனில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் சௌக்கியம்தானே? எங்களுக்கு உடம்புக்குக் குறையில்லை, மனசைத்தான் கேட்காதே. சித்தப்பா போன சேதியை அப்பா போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டார், மாசமாக இருப்பவளிடம் மேலே எதுவும் சொல்லாதே என்று என் கையிலிருந்தும் போனைப் பிடுங்கிவிட்டார். ஆனால் நீ அவர் தோளில் வளர்ந்தவள், உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்றுதான் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அவர் போன அன்று சாயங்காலம் நல்ல மழை. சித்தி ரமீலா அவர்கள் மோட்டல் கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சமையலறையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். நனைந்துகொண்டு ஒருத்தன் வந்து அறை கேட்டிருக்கிறான், உன் சித்தப்பா கனுபாய் முதலில் துண்டை எடுத்துக் கொடுத்தாராம், தலையைத் துடைச்சுக்கோ தம்பி என்று சொன்னது சித்தி காதில் விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் கேட்டது துப்பாக்கிச் சத்தம்தான். பணப்பெட்டியில் இருந்ததை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டான், போலீஸ் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

மோட்டலைப் பூட்டிவிட்டு அழக்கூட முடியாது, உனக்குத் தெரியாததா. அறைகளில் ஆட்கள் இருந்தார்கள். அப்போது நம் ஓட்டல்காரர் சங்கத்து ஆட்கள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். நம்மைப் போல் படேல் என்று பெயர் வைத்தவனுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று கம்பெனிகள் கதவைச் சாத்திய காலத்தில், சித்தப்பா ஊர் ஊராகப் போய்க் கெஞ்சிச் சேர்த்த ஆட்கள்தான். அட்லாண்டாவில் பெரிய ஓட்டல்கள் வைத்திருக்கும் தலைவர் ஜஷ்வந்த்பாய் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கழிவறை கழுவினார், மற்றவர்கள் படுக்கை விரிப்பு துவைத்தார்கள், கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் குடும்பமாக நாங்கள் தகன மையத்துக்குப் போக முடிந்தது. அங்கே உலையை மூட்டும் பொத்தானை அழுத்தச் சொன்னபோது அப்பா பின்வாங்கினார், ஜஷ்வந்த்பாய்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் நாஷ்வில்லில் சங்கத்தின் வருடக் கூட்டம். சித்தப்பா படத்தைத் திறந்து வைக்கப் போவதாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சித்தி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன், வெள்ளைப் புடவையோடு அவளே வந்து காரில் ஏறிக்கொண்டாள். பெண்களுக்குப் பக்கத்து அறையில் உட்கார இடம் போட்டிருந்தார்கள், இவள் அங்கே போகாமல் நேரே மேடைக்குப் போனாள். மைக் அவளுக்கு எட்டவில்லை. அதை விட்டுவிட்டுப் பேசினாள். மாலைய அப்புறம் போடுங்க, கவுன்ட்டருக்குக் குண்டு துளைக்காத கண்ணாடி போடணும், சங்கமே மொத்தமா வாங்கிக் கொடுக்கணும்னு இவரு வருஷா வருஷம் இங்க நின்னு கேட்டாரே, நீங்க என்ன சொன்னீங்க, கண்ணாடி போட்டா வர்றவன் பயந்து ஓடிடுவான்னு சிரிச்சீங்க, கனுபாய்க்கு உயிர் மேல ரொம்ப ஆசைன்னு கேலி பண்ணீங்க, இவரும் எல்லாரும் போடும்போது நாமளும் போடலாம்னு இருந்துட்டாரு, சரி போகட்டும், இப்ப இந்த நேரத்துல உங்க கவுன்ட்டர்ல யாரு நிக்கிறா, உங்க பொண்டாட்டிதானே, தனியாத்தானே நிக்கிறா என்று கேட்டாள்.

பின்வரிசையில் ஒருத்தர் எழுந்து வெளியே போனார். காசு போட்டுப் பேசும் போன் பெட்டி அங்கேதான் இருந்தது. அவருக்குப் பின்னால் இன்னொருத்தர், அப்புறம் ஒரு கூட்டமே வரிசையில் நின்றது. எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போன் போட்டார்கள், கதவைச் சாத்திக்கோ, நான் வந்துடறேன் என்று சொன்ன குரல்கள் உள்ளே வரை கேட்டன. திரும்பி வந்ததும் கண்ணாடித் தீர்மானத்தைப் படித்தார்கள், தூக்காத கை ஒன்றுகூட இல்லை. சித்தி மட்டும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வரிசையில் உன் அப்பாவும் நின்றார், ஊர்மி. நான் அவர் கூடவே வந்திருக்கிறேன், நம் கவுன்ட்டரில் வேலைக்காரி லொரீனும் அவள் புருஷனும் இருக்கிறார்கள், யாருக்குப் போன் பண்ணுகிறார் என்று பக்கத்தில் போய் நின்றேன். தம்பியின் மோட்டல் நம்பரைச் சுழற்றியிருந்தார். தினம் சாயங்காலம் இன்னிக்கு எத்தனை அறை போச்சுடா என்று கேட்கிற பழக்கம், விரல் தானாகப் போய்விட்டது போலிருக்கிறது. அந்தப் பக்கம் யாரோ சங்கத்துப் பையன் எடுத்து மோட்டல் பேரைச் சொன்னான். இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். வரிசையில் இருந்தவர்களும் யாரும் அவசரப்படுத்தவில்லை.

சித்தி மோட்டலை விற்கமாட்டேன் என்கிறாள். கண்ணாடி போட்டாயிற்று, அதற்குப் பின்னால் அவளே உட்கார்ந்திருக்கிறாள். பையன் பிறந்தால் சித்தப்பா பெயர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நான் சித்தியிடம் கேட்டேன். வேண்டாம் அக்கா, அந்தப் பேரைக் கூப்பிட்டு வேற யாராவது திரும்பிப் பார்த்தா என்னால தாங்க முடியாது என்றாள். அதனால் வேறு பெயர் பார்த்து வை, அவளிடம் இதைப் பற்றி எழுதாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே. ஸ்ரீநாத்ஜி உன்னையும் குழந்தையையும் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் சித்தப்பாவைப் பற்றி நீயாகவே பேசு, அவர் யாரிடமும் பேசவில்லை, உன்னிடமாவது அழட்டும்.

உன் அம்மா,
ஹன்சா