விம்மாத சந்தனவல்லி

ஹட்டன் கடைவீதி,
ஈசுவர வருடம் மாசி மாதம்.

அன்பும் மரியாதையும் உள்ள சோமசுந்தரம் அண்ணன் அவர்களுக்கு, துணிக்கடை ஆண்டியப்பன் வணங்கி எழுதுவது. மீனாட்சியம்மன் தயவில் நீங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் அழகம்மையும் சௌக்கியம். பனிதான் பொல்லாததாக இருக்கிறது. காலையில் கடைப் பலகையை எடுக்கும்போது விரல் மரத்துப்போகிறது. கம்பளி நன்றாக ஓடுவதால் பனியைத் திட்டவும் மனம் வரவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபமாக எழுதியிருந்தீர்கள். ஜெயலெட்சுமி உங்களிடம் கேட்காமல் படக் கம்பெனியில் சேர்ந்தது ஒரு குற்றம். சேர்ந்தவள் வேறு வேஷம் கிடைக்காதது போல, அப்பன் சேலை கட்டி மேடையில் ஆண்டு வந்த சந்தனவல்லி வேஷத்தையே எடுத்தது இரண்டாவது குற்றம். தாலாட்டில் உங்கள் பெயர் சொல்லும் அந்த விம்மலை விட்டுவிட்டுப் பாடியது பெரிய குற்றம். மதுரையில் படம் ஓடியபோது கொட்டகை இருக்கும் தெரு வழியாகக்கூட நீங்கள் போகவில்லை. “பொய் சொல்லத் தெரியாத ஆள் நீர் ஒருத்தர்தான். பார்த்து எழுதும். என் வேஷத்தை அவள் கெடுத்திருந்தால் பங்குனியில் வருகிறவளை இந்த வாசற்படி ஏற விடமாட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மதினி என்ன சொல்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. அவர் உங்களோடு பேசுவதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

படம் போன வாரம் இங்கே வந்தது. ஸ்டேஷனுக்குக் கீழே கூடாரம் அடித்திருக்கிறார்கள். சந்தனவல்லி என்றதும் டிக்கோயா, அக்கரப்பத்தனை என்று எல்லாத் தேயிலைத் தோட்டத்து ஜனமும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கிவிட்டது. உங்கள் நாடகக் கம்பெனி வந்துபோய் எத்தனையோ வருஷமாகியும் இங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் அந்தப் பாட்டுத்தான். ராஜா விரட்டிவிட்ட ராணி காட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கிற கதையைத் தங்கள் கதையாகவே வைத்திருக்கிறார்கள்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு நடை வரவில்லை. அரண்மனையில் நடக்கும்போது சேலைக் கொசுவத்தை மிதித்துவிடுவோமோ என்று பயந்து நடக்கிறாள். நீங்கள் ஆண்பிள்ளை, உங்களுக்கு இருந்த ராணி நடை அவளுக்கு இல்லை. ராஜாவோடு வாதாடும் இடத்தில் வசனத்தை மழைக்கு முன்னே கொடித் துணியை அள்ளுவது போல அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். காட்டில் இத்தனை நாள் அலைந்தவள் பட்டுச் சேலையில் ஒரு பொட்டு மண் இல்லை. அழகம்மை என் காதோரம், “இந்தச் சேலை நம்ம கடையில இருக்கா? சாயம் போகாத சேலையா இருக்கே” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இனி தாலாட்டுக்கு வருகிறேன்.

“காடெல்லாம் கண்ணுறங்கும், கண்மணியே, உன் தாய்க்கு” என்று நிறுத்தி, ஒரு விம்மல் விம்மி, “உறக்கமில்லை” என்று முடிப்பீர்கள். இங்குள்ள பெண்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே விம்மித்தான் பாடுகிறார்கள். அன்றைக்குக் கொட்டகையில் பாட்டு ஆரம்பித்ததும் சனம் முழுக்கச் சேர்ந்து பாடியது. “உன் தாய்க்கு” என்று எல்லாரும் நிறுத்தி விம்மினார்கள். ஜெயலெட்சுமி நிறுத்தவில்லை. ஒரே மூச்சில் “உறக்கமில்லை” என்று முடித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டாள். சனம் பின்னால் நின்றுவிட்டது. அடிக்கு அடி இதே கதை. அவள் பாட்டை முடித்துப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள், இவர்கள் இன்னும் கடைசி அடியை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு கூச்சலைக் கேட்க வேண்டுமா? “புள்ளைய தூங்கப்போடுறாளா, பஸ்ஸப் புடிக்க ஓடுறாளா?” என்று ஒருத்தி. “அழத் தெரியாதவளுக்கு என்னாத்துக்கு இந்த வேசம்?” என்று இன்னொருத்தி. ஒழுங்காகப் பாடவைக்க வேண்டும் என்று எல்லாருமாக “ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!” என்று பெஞ்சைத் தட்டினார்கள். மிஷின்கார இராமையா வெளியே ஓடிவந்து, “அட ஏங்க, இது படம்ங்க! அந்தம்மா மதராசுல இருக்காங்க. நான் யாருகிட்டப் போயி ஒன்ஸ்மோர் கேப்பேன்?” என்று கும்பிட்டார். இவர்கள் விடவில்லை. கடைசியில் மனிதர் அந்தச் சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் அவள் விம்மவில்லை. “பாத்தியா, திமிரு!” என்றார்கள்.

நானும் உங்கள் கட்சியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். அண்ணனுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். அழகம்மை சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “அது சரியாத்தான் பாடுச்சு. நீங்கள்லாம் ஆம்பளைக, ஒங்களுக்கு என்ன தெரியும்? மடியில புள்ள அப்பத்தான் கண் அசருது. அந்த நேரத்துல எவளாச்சும் விம்முவாளா? நெஞ்சு குலுங்குனா புள்ள முழிச்சுக்கிடாது? அழுகைய முழுங்கிட்டுல்ல பாடணும்.” நாங்கள் மூன்று பிள்ளைகளை வளர்த்த வீடு, அண்ணே. மூன்றையும் தூங்கவைத்தவள் அவள்தான்.

மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை சனத்தைக் கவனிக்காமல் அவள் முகத்தையே கவனித்தேன். “உன் தாய்க்கு” என்ற இடத்தில் அவள் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்குகிறது. குரல் அசையவில்லை. கை மட்டும் பிள்ளையின் முதுகை இன்னும் மெதுவாகத் தட்டுகிறது. மேடையில் தூரத்தில் நின்று காட்ட முடியாத காரியம் அது. சனிக்கிழமை அதே அக்கரப்பத்தனை ஜனம் மறுபடியும் வந்தது. தாலாட்டில் ஒரு பெண்ணும் கூடப் பாடவில்லை. ஒருத்தி மட்டும் ஆரம்பித்தாள், பக்கத்தில் இருந்தவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி வாயை மூடவைத்தாள்.

உங்களோடு சேர்ந்து பாடிய சனம் அண்ணே இது. அவள் பாடியபோது வாயை மூடிக் கேட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த விம்மல் எங்கே பிறந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அக்கரப்பத்தனையில் முதல் நாடகம். திறந்த வெளி, மார்கழிப் பனி, உங்கள் உடம்பில் மெல்லிய சேலை. குளிரில் நெஞ்சு அடைத்து, பாதி அடியில் மூச்சு நின்றுவிட்டது. திரைக்குப் பின்னால் கொத்தமல்லிக் காப்பியோடு நின்ற நான் நாடகம் போச்சு என்றே நினைத்தேன். முன்னால் இருந்த சனமோ ராணி அழுகிறாள் என்று நினைத்து ஓவென்று அழுதது, ஒன்ஸ்மோர் கேட்டது. கெட்டிக்காரர் நீங்கள், மறு தடவையும் அதே இடத்தில் நிறுத்தினீர்கள். பிறகு மதுரை வெயிலிலும் நிறுத்தினீர்கள். அது உங்களுக்குச் சொந்தம். வேர்வை சிந்திச் சம்பாதித்தது. ஆனால் அவள் விட்டது உங்கள் பெயரை அல்ல, எங்கள் ஊர்க் குளிரை. பாட்டை அவள் விடவில்லை. சுருதியும், அடி எடுக்கிற இடமும், “கண்மணியே” என்று குழைகிற குழைவும் அப்படியே உங்களுடையது. கண்ணை மூடிக் கேட்டால் நீங்கள்தான் பாடுகிறீர்கள்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: நடையில் நீங்கள், வசனத்தில் நீங்கள், தாலாட்டில் அவள். சிநேகிதத்துக்காக இதில் ஒரு குன்றிமணி கூட்டவில்லை, குறைக்கவில்லை. வேஷம் கெடவில்லை, அண்ணே. கைமாறியிருக்கிறது. உங்களுக்கு அது கெட்டதைவிட வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பங்குனியில் அவள் வருவாள். பயந்துகொண்டு வருவாள். உங்களை எனக்குத் தெரியும். வாசலில் நிற்கவைத்து, “எங்கே, அந்த அடியைப் பாடு பார்ப்போம்” என்பீர்கள். வேண்டாம். பாட்டைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இலை போட்டதும் எழுந்து போய்விடாமல், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலே உட்கார்ந்திருங்கள். உங்களால் முடிந்தால் நீங்களே ஒரு கரண்டி மோர் ஊற்றுங்கள். மற்றதை மதினி பார்த்துக்கொள்வார்.

அம்மன் உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
ஆண்டியப்பன்