எச்சில் பட்ட மாஸ்க்

இன்று காலை ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்துத் திறந்தேன். உள்ளே புது மாஸ்க். ரப்பர் பட்டையும் புதுத் துணியும் கலந்த அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உடனே நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாசனையாக இருக்கலாம். நம் நூல் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு அது ஆடிட் வாசனை.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஹாஸ்டல் வார்டன் அறையில் உன் இடத்தில் வேறு ஒரு அம்மா இருக்கிறார். நல்ல மாதிரி, யாரையும் எதுவும் கேட்க மாட்டார். மேனேஜர் சார் ரிட்டயர் ஆன பிறகு அவருடைய நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால், "பாத்து உக்காரு புள்ள, அந்தச் சேர்ல உக்காந்தா காது கேக்காது" என்று கிண்டல் செய்திருப்பாய்.

நம்மிடம் நூல் வாங்கும் கம்பெனிகள் ஆள் அனுப்பி, வேலை செய்கிறவர்களை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்ப்பதற்குப் பெயர் ஆடிட். வரும் தேதி முன்னாலேயே தெரிந்துவிடும். அப்புறம் மில் கல்யாண வீடுதான். கேட்டில் கோலம், பாத்ரூமில் சோப்பு, தீயணைக்கும் வாளிகளில் புது மணல், பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மாஸ்க். சாயங்காலம் ஆடிட் கார் திண்டுக்கல் ரோட்டில் ஏறி மறைந்ததும் கேட்டருகே ஒரு கூடையை வைத்து மாஸ்க்கை எல்லாம் திரும்ப வாங்கிவிடுவோம். அடுத்த ஆடிட்டுக்குப் புதுசாக இருக்க வேண்டுமே! இதை அக்கிரமம் என்று நினைத்து யாரும் செய்யவில்லை. விசேஷம் முடிந்ததும் வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல எண்ணி, சாதாரணமாகச் செய்தோம்.

நீ ஒருத்திதான் அந்தக் கூடைக்கு முன்னால் போய் நின்றாய்.

"என்ன சார் இது, வாயில போட்டதத் திரும்ப வாங்குறீங்க? நாளைக்கு இத இன்னொரு புள்ளைக்குக் குடுப்பீங்களா? எச்சி சார். உங்க வீட்டுல சாப்பிட்ட எலையக் கழுவி அடுத்த ஆளுக்குப் போடுவீங்களா?"

தூசி, நுரையீரல், சட்டம் என்று நீ எத்தனையோ முறை பேசியும் அசையாத மேனேஜர் சார், எச்சில் என்றதும் முகம் சுளித்துக் கூடையை எடுக்கச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டின. அன்றைக்குச் சாப்பாட்டு ஹாலில் நீ நடந்து வந்த நடை இருக்கிறதே, எலெக்‌ஷனில் ஜெயித்த மாதிரி!

அடுத்த ஆடிட்டுக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆளுக்கொரு கவர், அதன்மேல் அவரவர் பெயர். சாயங்காலம் மாஸ்க்கை அவரவர் கவருக்குள் போட்டுத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். எச்சில் பிரச்சினை தீர்ந்தது. அந்தக் கவரைப் பார்த்து நீ சிரித்தாய். சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது.

நமக்குள் சண்டை வந்ததும் அதனால்தான். நான் அப்போது ஷிப்ட் சூப்பர்வைசர். "பிள்ளைங்களே போட மாட்டேங்குதுங்க, மூச்சு முட்டுதுன்னு கழட்டிருதுங்க" என்று சொன்னேன். பொய்யில்லை. அந்தப் புழுக்கத்தில் யாரால் நாள் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு நிற்க முடியும்? மறுநாள் ஒரு மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமில் ஷிப்ட் முடியும்வரை நின்றாய். வெளியே வரும்போது புருவமெல்லாம் பஞ்சு, கன்னத்தில் ரப்பர் பட்டையின் தடம்.

"முட்டத்தான் செய்யிது புள்ள. அதுக்காகப் பஞ்சத் திங்க முடியுமா? மணிக்கு ஒருக்கா செத்த நேரம் வெளிய விடுங்க, கழட்டி மூச்சு வாங்கிட்டு வரட்டும்."

"அப்ப மெஷினு?"

"நிக்கட்டும்."

நீ அதைச் சொன்ன விதம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. மெஷின் நிற்பது என்றால் என்னவென்று ஹாஸ்டலில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன். அதற்குப் பிறகு கொரோனா வந்து ஊரே மாஸ்க் போட்டது. அது போனதும் ஊரோடு நாமும் கழற்றிவிட்டோம். பஞ்சுத் தூசி மட்டும் எங்கேயும் போகவில்லை.

இன்று ஆடிட். வழக்கம்போல ஸ்டோரிலிருந்து பழைய கவர்கள் வந்தன. குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பிள்ளை, ப்ளோ ரூமில் வேலை, ஒரு வாரமாக வறட்டு இருமல். அவளுக்கு வேலையை விட்டுப் போன யாருடைய கவரோ போயிருக்கிறது. என் மேசையில் கொண்டுவந்து வைத்து, "அக்கா, இது வேற யாரோ போட்டதுக்கா" என்றாள். உன் குரல்தான் கேட்டது. அவளுக்காகத்தான் அந்தப் புதுப் பெட்டியைக் கிழித்தேன். கிழித்த கையோடு எல்லோருக்கும் புதுசு கொடுத்தேன், நானும் ஒன்றைக் கட்டிக்கொண்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை. ஆடிட் பையன் மரியாதையானவன். சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல அந்தப் பிள்ளையிடம், "டெய்லி இது போடுவீங்களாம்மா?" என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் முதலாளி நிற்கிறார். என்ன சொல்ல வேண்டுமென்று முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருக்கிறோம், இருந்தும் பார்த்தாள். ஒரு தலையசைப்புப் போதும். என் தலை அசையவில்லை.

"என்னைப் பாக்காதம்மா. உள்ளதச் சொல்லு."

"இல்ல சார். இன்னிக்குத்தான் குடுத்தாங்க."

அவன் எழுதிக்கொண்டான். முதலாளி கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். பிள்ளைகளின் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். கார் போன பிறகு ரூமுக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. "ஏனுங்கம்மா, இத்தன வருசம் ஒழுங்கா இருந்தீங்களே? இந்த ஆர்டர் போச்சுன்னா ஒரு ஷிப்ட நிறுத்தோணும். அந்தப் புள்ளைகளத்தான் மொதல்ல வீட்டுக்கு அனுப்போணும். அத யோசிச்சீங்களா?" என்று கேட்டார். யோசிக்கவில்லைதான். மாஸ்க்கும் இடைவேளையும் எல்லா நாளும் கொடுத்துவிட்டு, சரிசெய்துவிட்டோம் என்று ஆர்டர் தரும் கம்பெனிக்கே எழுதலாம் என்றேன். "நாளைக்குப் பேசலாம்" என்றார். நாளைக்கு என்னிடம் பேசுவாரா, என்னைப் பற்றிப் பேசுவாரா, தெரியவில்லை.

வெளியே வந்தால் கேட்டருகே வரிசை. கூடையும் இல்லை, கவரும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பழக்கிவிட்டோம் இல்லையா? அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"யாரும் குடுக்க வேணாம், வச்சுக்கோங்க" என்றேன்.

முன்னால் நின்றவள் அந்தப் புதுப் பிள்ளைதான். "நாளைக்கும் போடணுமாக்கா?"

"போடணும். மணிக்கு ஒருக்கா வெளிய வந்து செத்த நேரம் கழட்டிக்கலாம்."

"அப்ப மெஷினுக்கா?"

"நிக்கட்டும்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

அவள் நகரவில்லை. கொஞ்சம் இருமிவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "நான் உள்ளதச் சொன்னதால எங்களுக்கு வேல போயிருமாக்கா?"

நீயாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். உன்னிடம் இருந்த தைரியத்தில் எனக்குக் கிடைத்தது "நிக்கட்டும்" என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். அதையும் சொல்லிவிட்டு இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தேன், கன்னத்தில் ரப்பர் பட்டையின் தடம் இன்னும் போகவில்லை. பயமாக இருக்கிறது புள்ள. காலை ஷிப்ட்டுக்கு மாஸ்க் பெட்டியை எடுத்து வாசலிலேயே வைத்திருக்கிறேன்.