இரு ஓவியாக்களும் ஒருவரல்லர் எனச் சான்று வேண்டி

அனுப்புநர்
பா. ஓவியா (வயது 26),
த/பெ. பாண்டி,
மேலத் தெரு, கருவேலங்குளம்,
சிவகாசி வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சூலக்கரை, விருதுநகர்.

பொருள்: விமான நிறுவனங்கள் இரண்டு இணைந்தபோது ஊழியர்கள் இருவர் ஒருவராக இணைக்கப்பட்டது – பிரித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

1. மதுரை விமான நிலையத்தில், ஒரு சிறிய விமான நிறுவனத்தின் பயணிகள் கவுண்ட்டரில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அந்நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, கடந்த அக்டோபர் முதல் தேதி தன்னோடு இணைத்துக்கொண்டது. "இனி நாம் ஒரே குடும்பம்" என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொண்டது என் பிழை.

2. பெரிய நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் இன்னொரு பா. ஓவியா இருக்கிறார். சாத்தூர்க்காரர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து மகப்பேறு விடுப்பில் இருப்பவர். இரு ஊழியர் பட்டியல்களையும் சேர்த்த கணினி, ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, ஒரே மாவட்டம் என்று கண்டு எங்களை ஒரே ஆளாக்கிவிட்டது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3. 26.10.2025 ஞாயிறன்று என்னைப் பெண் பார்க்க, சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை செய்யும் திரு. முனியராஜின் வீட்டார் பதினொரு பேர் வந்திருந்தனர். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது என் பெயருக்கு ஒரு கூரியர் வந்தது. கம்பெனிப் பெட்டி என்பதால் என் தாயார் மாடத்தி பெருமையோடு அனைவர் முன்னிலையிலும் பிரித்தார். உள்ளே விமானப் படம் போட்ட கைக்குழந்தைச் சட்டை, கிலுகிலுப்பை, "எங்கள் குடும்பத்தின் புதிய பயணிக்கு நல்வரவு" என்ற வாழ்த்து அட்டை. மாப்பிள்ளையின் தாயார் அட்டையை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பிள்ளைய எங்கன வச்சிருக்கீக?" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தும் கை நடுங்காத என் தந்தை, காபி டம்ளரைக் கீழே போட்டார்.

மறுவாரம் திரு. முனியராஜ் தொலைபேசியில், "கம்பெனில ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க, வீட்ல பேசிப் பாக்கேன்" என்றார். அவருக்கென்று சான்று எதுவும் இம்மனுவில் கோரப்படவில்லை.

4. பெண் பார்த்த மறுநாள், 27.10.2025 திங்களன்று, பணிக்குச் சென்றேன். என் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசிய ஹர்ஷினி என்பவர், "வாழ்த்துகள் மேடம், மார்ச் வரைக்கும் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். எனக்குத் திருமணமே ஆகவில்லை என்றேன். "அது உங்க பர்சனல் மேடம்" என்றார். நான் விடவில்லை. "முந்தாநாள் உங்க நம்பர்ல பேசினப்போ குழந்தை அழுற சத்தம் கேட்டுச்சே" என்றார். அந்த எண்ணைத் தரும்படி கேட்டேன். என்னுடைய எண்தானே என்று தந்துவிட்டார்.

5. அந்த எண்ணில் சாத்தூர் ஓவியா எடுத்தார். நான் விவரம் சொன்னதும், "அக்கா, அப்ப நீங்கதானா அந்த நானு?" என்று கேட்டு அழத் தொடங்கினார். மதுரை கவுண்ட்டருக்குப் பணிக்கு வரவில்லையென அவருக்கு அடுத்தடுத்து நோட்டீஸ்கள் வந்தன. 20.11.2025க்குள் நேரில் வராவிட்டால் வேலையை விட்டதாகக் கருதப்படுமாம். அவருடைய விடுப்பு எனக்கும், என்னுடைய பணி அவருக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. அறுவை சிகிச்சைத் தையல் இன்னும் ஆறவில்லை என்றார். அதுவரை நின்றுபோன என் கல்யாணப் பேச்சை மட்டுமே நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. இருவரும் சேர்ந்து நிறுவனத்துக்கு எழுதினோம். ஒருவர் பெயரை நீக்கினால் மற்றவர் பதிவு சரியாகிவிடும், யாரை நீக்கலாம் என்று என்னையே கேட்டனர். இன்னொருத்தி வேலையில் கைவைக்க எனக்கு மனமில்லை என்று பதில் அனுப்பினேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. பிறகு, இருவரும் வெவ்வேறு நபர்கள் என்றால் அரசு அலுவலரின் சான்று தேவை என்றனர்.

7. வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அன்பாகவே பேசினார். "ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னா சான்று உண்டும்மா. ரெண்டு ஆளுன்னு சான்று கேட்டு யாரும் வந்ததில்லையே" என்றார். தங்களிடம் மனுக் கொடுக்கச் சொன்னவரும் அவரே.

எனவே, நாங்கள் இருவர் என்பதற்குச் சான்றளித்து, 20ஆம் தேதிக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். சாத்தூர் ஓவியாவின் பதிவை முதலில் சரிசெய்யச் சொன்னால் போதும். என்னுடையது பிந்தினாலும் பொறுத்துக்கொள்வேன்.

அவரும் இன்று வந்து இந்தக் குறைதீர் கூட்டத்தில் என் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். குழந்தைக்கு இன்று முப்பதாம் நாள். என் மடியில் கிடத்தினால் வீறிடுகிறது. அவர் வாங்கியதும் நிறுத்திவிடுகிறது. இதைவிடத் தெளிவான ஆவணம் எங்களிடம் இல்லை. தாங்கள் விரும்பினால் நேரில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இடம்: சூலக்கரை
நாள்: 17.11.2025

இங்ஙனம்,
பா. ஓவியா (கருவேலங்குளம்)
பா. ஓவியா (சாத்தூர்)